எட்டு மாட்டில் தெரியாதது

மாடம்பாக்கத்தில் இன்னும் மாடு இருக்கிறது. 2021இல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்த ஊர் இது. ஏரிப் பக்கமெல்லாம் அடுக்குமாடி எழும்பிவிட்டது. ஆனாலும் மாடம்பாக்கத்திலும் அகரம்தென்னிலும் நாலைந்து கறவை வைத்துக்கொண்டு விடியற்காலையில் வீடு வீடாகப் பால் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஊரின் நடுவே சோழர் காலத்துத் தேனுபுரீசுவரர் கோயில். கபில முனிவர் பசுவாகப் பிறந்து லிங்கத்தின் மேல் பால் சொரிந்து வழிபட்ட தலம் என்பது அதன் தலபுராணம். பசுவின் பெயரைத் தாங்கிய சாமிக்கு அக்கம்பக்கத்துப் பசுக்களின் பாலே அபிஷேகமாகப் போன காலம் மலையேறிவிட்டது. மாடும் அதை நம்பிப் பிழைக்கும் குடும்பமும்தான் மிச்சம்.

இந்தக் குடும்பங்களிடம் கோமாரி நோய்த் தடுப்பூசியைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு வாக்கியம் வரும். ‘ஊசி போட்டா பால் இறங்கிடும்.’ ‘சினை மாட்டுக்குப் போட்டா கன்னு தங்காது.’ ஊசி போட வருகிற கால்நடைத் துறைக்காரர் சொல்லும் பதிலும் ஒன்றுதான்: ‘எல்லாம் பரிசோதனை பண்ணித்தாம்மா அனுப்புறாங்க.’ இரு தரப்பும் பொய் சொல்லவில்லை. தடுப்பூசி பரிசோதிக்கப்படுவது உண்மை. ஊசி போட்ட இரண்டு மூன்று நாளைக்குச் சில மாடுகளுக்குக் காய்ச்சல் வருவதும், பால் குறைந்து பிறகு தேறுவதும் உண்மை. ஆனால் ஆய்வகம் தேடும் விடை ஒரு கேள்விக்கு. மாட்டுக்காரர் கேட்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கு நூறாண்டு அடிபட்டுக் கற்ற பதில்கள் நம்மிடம் இருக்கின்றன. இரண்டாவது கேள்விக்குப் பதில் தேடும் ஏற்பாடே இங்கே சரியாக இல்லை என்பதுதான் என் வாதம்.

முதலில் அடிபட்ட கதை. மாட்டு வெக்கை நோய் ஒரு காலத்தில் ஊர் ஊராக மாட்டை வாரிக்கொண்டு போனது. அதற்குத் தொடக்க கால மருந்து, நோய்கண்ட மாட்டின் ரத்தத்தையும் நோயிலிருந்து தப்பிய மாட்டின் சீரத்தையும் ஒரே நேரத்தில் செலுத்துவது. வெக்கைக்குத் தடுப்பு கிடைத்தது. கூடவே ரத்தத்தில் ஒளிந்திருந்த உண்ணிக்காய்ச்சல் கிருமிகளும் மாட்டுக்கு மாடு தொற்றின. 1920களில் முக்தேசுவரம் ஆய்வகத்தில் ஜே. டி. எட்வர்ட்ஸ், வெக்கை வைரஸை ஆட்டிலிருந்து ஆட்டுக்குத் திரும்பத் திரும்பக் கடத்தி அதன் வீரியத்தை மட்டுப்படுத்தினார். சமவெளி நாட்டு மாடுகள் அந்த ஊசியைத் தாங்கின. அயலின மாடுகளும் சில மலைநாட்டு மாடுகளும் தாங்கவில்லை. அவற்றுக்கு ஊசியே கடும் நோயாக இறங்கியது. எந்த மாட்டில் சோதித்தோம் என்பதைப் பொறுத்துத்தான் ‘பாதுகாப்பானது’ என்ற சொல்லுக்குப் பொருள் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. பிறகு கென்யாவில் வால்டர் பிளௌரைட், செல் வளர்ப்பில் மெலிய வைத்த வைரஸிலிருந்து எல்லா இன மாட்டுக்கும் ஒத்துக்கொள்கிற தடுப்பூசியைச் செய்தார். வெக்கையை ஒழித்தது அதுதான். இந்தியாவின் கடைசி வெக்கை நோய் 1995இல் நம் வட ஆர்க்காடு மாவட்டத்தில் பதிவானது. 1932 முதல் இயங்கிவரும் ராணிப்பேட்டைக் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையமும் அந்த மாவட்டத்திலேயே இருந்தது. 2011இல் உலகமே வெக்கையிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

வெக்கை ஓய்ந்துகொண்டிருந்த காலத்தில்தான், 1987இல், விழுப்புரம் பக்கம் அரசூரில் செம்மறி ஆடுகளுக்கு வெக்கை போலவே ஒரு நோய் கண்டது. காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் நீர், வாயில் புண், கழிச்சல், சாவு. மாட்டு வெக்கையே ஆட்டுக்கு இறங்கிவிட்டதோ என்று எண்ண எல்லா நியாயமும் இருந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் எம். எஸ். ஷைலாவும் அவரோடு பணியாற்றிய கால்நடை அறிஞர்களும் அது வேறு வைரஸ், ஆட்டுக்கொல்லி நோய், என்று காட்டி 1989இல் வெளியிட்டார்கள். அந்த நோய் இந்தியாவில் இருப்பதாக வந்த முதல் அறிக்கை அது.

ஆட்டுக்கொல்லி வைரஸும் வெக்கை வைரஸும் பங்காளிகள் என்பதால் வெக்கைத் தடுப்பூசியே ஆட்டையும் ஓரளவு காக்கும். சில காலம் பல நாடுகள் அதைத்தான் போட்டன. ஆனால் வெக்கையை ஒழித்துவிட்டோம் என்று நிரூபிக்க வேண்டிய நாட்டில், ஆடுகளின் ரத்தத்தில் வெக்கைக்கு எதிரான பொருள் இருந்தால் அது நோயால் வந்ததா ஊசியால் வந்ததா என்று யார் சொல்வது? ஆட்டுக்கொல்லிக்கென்றே தனித் தடுப்பூசி தேவைப்பட்டது. அரசூரில் எடுத்த வைரஸை வீரோ என்ற செல் வளர்ப்பில் பல பத்துத் தடவை கடத்தி, நோய் தரும் குணம் போய் எதிர்ப்பைத் தூண்டும் குணம் மட்டும் மிஞ்சும்படி மாற்றியது தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம். அரசூர்-87 என்ற பெயரில் அது ஆடுகளுக்குத் தடுப்பூசியாயிற்று. 2019 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 99 லட்சம் வெள்ளாடும் 45 லட்சம் செம்மறியும் இருந்தன என்பதை நினைத்தால் அந்த உழைப்பின் மதிப்பு புரியும்.

இப்படி மெலிய வைத்த உயிருள்ள வைரஸில் முதல் அச்சம், அது பழைய குணத்துக்குத் திரும்பிவிடுமோ என்பது. அதைச் சோதிக்கும் முறை பொறுமை கேட்பது. தடுப்பூசி வைரஸை ஓர் ஆட்டில் செலுத்தி, அதன் உடலிலிருந்து எடுத்ததை அடுத்த ஆட்டுக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று ஐந்து தலைமுறை கடத்த வேண்டும். சர்வதேச வழிகாட்டுதலின்படி முதல் நான்கு சுற்றுக்கும் சுற்றுக்கு இரண்டு விலங்காவது வேண்டும். ஐந்தாம் சுற்றுக்கு எட்டு. கடைசிச் சுற்றிலும் ஆடு நோய்ப்படாவிட்டால்தான் அந்த வித்து வைரஸ் தேறும். இது மூல வித்துக்கு ஒரு முறை செய்வது. அதற்குப் பிறகு தயாராகும் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் தனிச் சோதனை உண்டு. பாக்டீரியாவோ பூஞ்சையோ வேறு வைரஸோ கலந்திருக்கிறதா, உறைநிலையில் உலர்த்திய மருந்தில் ஈரம் மிஞ்சியிருக்கிறதா, உயிருள்ள வைரஸ் போதிய அளவு இருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். உலக விலங்கு சுகாதார அமைப்பின் கையேடு ஆட்டுக்கொல்லி ஊசிக்குச் சொல்லும் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது: சில விலங்குகளுக்கு நூறு ஊசிக்குரிய அளவை ஒரே தடவையில் செலுத்துவார்கள், வேறு சிலவற்றுக்கு ஓர் ஊசியில் பத்தில் ஒரு பங்கு. இவற்றோடு ஊசியே போடாத ஆடுகளையும் கலந்து கட்டி வைப்பார்கள். நூறு பங்கு தாங்கினால் பாதுகாப்பு. பத்தில் ஒரு பங்கே நோயைத் தடுத்தால் வீரியம். பக்கத்தில் நின்ற ஆட்டுக்குத் தொற்றாவிட்டால் வைரஸ் பரவாது என்ற உறுதி. மூன்று கேள்விக்கும் ஒரே கொட்டிலில் விடை கிடைத்துவிடுகிறது.

கோமாரி ஊசியின் கதை வேறு. அதில் உள்ளது கொல்லப்பட்ட வைரஸ். இங்கே அச்சம், எல்லாமே செத்ததா என்பது. ஐரோப்பாவில் பல ஆண்டுகள் ஃபார்மால்டிஹைடு போட்டுத்தான் கொன்றார்கள். ஃபார்மால்டிஹைடு தொடக்கத்தில் வேகமாகக் கொல்லும், போகப் போகத் தளரும். ஒரு சிறு மிச்சம் தப்பிவிடும். எழுபது, எண்பதுகளில் அங்கே கண்ட கோமாரி நோய்களில் பல, வயல்வெளி வைரஸால் வந்தவையே அல்ல, தடுப்பூசியில் சாகாமல் தப்பிய வைரஸால் வந்தவை என்பதை 1987இல் மரபணு ஆய்வு காட்டியது. காக்கப் போட்ட ஊசியே நோயைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. இதை எண்ணும்போதெல்லாம் மனம் பதறுகிறது. ஊசி போட்டு வந்த நோய் என்று அந்தப் பண்ணைக்காரர்களில் எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள், எத்தனை பேருக்கு ‘இருக்காது’ என்ற பதில் கிடைத்திருக்கும்!

இப்போது பைனரி எத்திலினிமைன் என்ற வேதிப்பொருளால் கொல்கிறார்கள். அது கடைசி வரை ஒரே சீராகக் கொல்லும் என்பதே அதன் சிறப்பு. மணிக்கு ஒரு தடவை மாதிரி எடுத்து, உயிரோடு மிஞ்சிய வைரஸை எண்ணி வரைபடத்தில் குறித்தால் நேர்கோடு கிடைக்கும். அந்தக் கோட்டை நீட்டிப் பார்த்து, 10,000 லிட்டர் திரவத்தில் ஒரு வைரஸ்கூட மிஞ்சாத நேரம் வரை விட வேண்டும் என்பது விதி. பத்தாயிரம் லிட்டரில் ஒன்றை எந்த மாட்டுக்கு ஊசி போட்டும் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே இங்கே பாதுகாப்பைத் தருவது இறுதியில் செய்யும் சோதனையைவிட, ஆலையில் ஒவ்வொரு மணி நேரமும் குறித்துவைத்த அந்தக் கோடுதான். கோடு வளைந்தால் அந்தப் பேட்ச் சாக்கடைக்கும் போகக் கூடாது. ஆலைக் கழிவே ஆபத்து: 2007 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிர்பிரைட் வளாகத்தில், கசிந்த வடிகால் வழியாகக் கோமாரி வைரஸ் வெளியேறிப் பக்கத்துப் பண்ணைகளில் நோயைக் கிளப்பியது.

வீரியத்தைச் சோதிக்க ஒரு வழி, பதினாறு மாட்டுக்கு ஊசி போட்டு, இரண்டை ஊசி போடாமல் விட்டு, சில வாரம் கழித்துப் பதினெட்டின் நாக்கிலும் உயிருள்ள வைரஸைக் குத்துவது. ஊசி போடாத இரண்டுக்கும் கால் குளம்பில் புண் வர வேண்டும். போட்ட பதினாறில் பன்னிரண்டாவது தப்ப வேண்டும். மாட்டுக்கு நோவு தரும் சோதனை. உயர்பாதுகாப்புக் கொட்டில் இல்லாமல் நடத்தவும் முடியாது. ஆகவே ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளை அளந்து தீர்மானிக்கும் முறைகளை நோக்கி உலகம் நகர்கிறது. இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: நம் ஊசியில் ஓ, ஏ, ஆசியா-1 என்ற மூன்று வகை வைரஸ் இருக்கிறது. ஊசிக்குள் இருக்கும் வைரஸை எதிர்த்து மாடு தேறினால் போதாது. இப்போது வெளியே சுற்றிக்கொண்டிருக்கும் வைரஸோடும் அது பொருந்த வேண்டும். கோமாரி வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் இந்தப் பொருத்தத்தை விடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் ஆய்வகத்தின் கண்ணுக்குத் தப்புவது எது?

நாள் கடந்து வருவது தப்பும். 1930களில் ஸ்காட்லாந்தில் செம்மறிகளின் மூளைக்காய்ச்சலுக்கு, செம்மறியின் மூளையிலிருந்தே ஃபார்மலின் கலந்து தடுப்பூசி செய்தார்கள். சுமார் 18,000 ஆடுகளுக்குப் போட்டார்கள். உடனடிப் பாதிப்பு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு ஆண்டு கழித்து அவற்றில் ஏறத்தாழ 1,500 ஆடுகள் உடம்பைத் தேய்த்துக்கொண்டு, நடை தள்ளாடிச் செத்தன. ஸ்கிரேபி என்ற நோய். மூளை கொடுத்த ஆடுகளில் சிலவற்றில் அது ஒளிந்திருந்தது. ஃபார்மலின் அதைக் கொல்லவில்லை. அந்த நாளின் எந்தச் சோதனையும் அதைக் காட்டியிருக்க முடியாது.

தேடாதது தப்பும். 1999இல் நெதர்லாந்தில் மாடுகளுக்கான ஒரு சுவாச நோய்த் தடுப்பூசியின் சில பேட்ச்சுகளில் வேறொரு வைரஸ், மாடுகளின் வைரஸ் கழிச்சல் நோய்க் கிருமி, கலந்துபோய்ப் பல பண்ணைகளில் மாடுகள் செத்தன. செல் வளர்ப்புக்குக் கன்றுகளின் சீரம் வேண்டும். அந்தக் கன்றுகளுக்கே அந்தத் தொற்று இருப்பது சகஜம். நம் ஊரில் செல்லில் வளர்க்கும் எந்தக் கால்நடைத் தடுப்பூசிக்கும் இதே கண்ணி உண்டு.

அரிதாக வருவது எப்போதுமே தப்பும். மாடம்பாக்கத்துக் கேள்வி வந்து நிற்கும் இடமும் இதுதான். பாதுகாப்புச் சோதனைக்குச் சர்வதேச வழிகாட்டுதல் பரிந்துரைக்கும் எண்ணிக்கை குழுவுக்கு எட்டு விலங்கு. ஒரு கோளாறு நூறு மாட்டில் பத்துக்கு வரும் என்று வைத்துக்கொள்வோம். கண்டிப்பாக அது அரிதான கோளாறு இல்லை. எட்டு மாட்டில் ஒன்றில்கூட அது தலைகாட்டாமல் இருக்க நூற்றுக்கு 43 வாய்ப்பு இருக்கிறது. ஆயிரத்தில் ஒரு மாட்டுக்கு வருவது என்றால் நூற்றுக்கு 99 வாய்ப்பு. இது பெருக்கல் தெரிந்த எவரும் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு. எந்த விஞ்ஞானியின் கவனக்குறைவும் இதில் இல்லை. எட்டு மாடு சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

இனி மறுபக்கக் கணக்கு. 2019 செப்டம்பரில் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டப்படி மாடுகளுக்கும் எருமைகளுக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கோமாரி ஊசி. தமிழ்நாட்டில் மாடு மட்டும் சுமார் 95 லட்சம். லட்சம் ஊசிக்கு ஒரு கன்று வீச்சு என்று வைத்தாலும் ஆண்டுக்கு 190 குடும்பம். ஊசி இல்லாமல் கோமாரி வந்தால் போவது அதைப் போலப் பல மடங்கு; வாய்ப்புண்ணும் குளம்புப் புண்ணும் கண்ட கறவைமாடு மாதக்கணக்கில் தேறாது, சில மாடு பழைய கறவைக்குத் திரும்பவே திரும்பாது. எனவே ஊசி வேண்டுமா என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அந்த 190 குடும்பத்துக்கு ‘சோதனை பண்ணித்தான் அனுப்பினோம்’ என்பது பதிலாகாது.

அவர்களுக்கு நேர்ந்தது தற்செயலா, ஊசியா, பேட்ச்சா, ஊசி வந்த வழியா என்று தெரிய வேண்டும். வழி முக்கியம். எண்ணெய் கலந்த கோமாரி மருந்து பால் போல வெள்ளையாக இருக்கும். 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். உறைந்தால் எண்ணெயும் நீரும் பிரிந்துபோகும், பிறகு எவ்வளவு குலுக்கினாலும் சேராது. சூடேறினால் வைரஸின் முழு உரு உடைந்து சிறு துண்டுகளாகும். அந்தத் துண்டு எதிர்ப்பை அவ்வளவாகத் தூண்டாது. அனுபவமுள்ள கால்நடை ஆய்வாளர் ஐஸ் பெட்டியிலிருந்து குப்பியை எடுத்ததும் வெளிச்சத்தில் பிடித்து அடியில் நீர் போலத் தனியாக நிற்கிறதா என்று பார்ப்பார். உள்ளங்கைக்குள் வைத்து மெல்ல உருட்டுவார். அந்தச் சில நொடிப் பார்வையும் ஒரு தரச் சோதனைதான். ஒரு மாட்டுக்கு 2 மில்லி போட்டுவிட்டு அதே ஊசி முனையால் அடுத்த மாட்டைக் குத்தினால், ஆய்வகம் கொடுத்த சுத்தம் அத்தோடு போயிற்று. மே மாத வெயிலில் மருந்தகத்தில் மின்சாரம் போய்க் குளிர்பெட்டி நின்றுபோனால் ஊசி ஆபத்தாவதில்லை, வெறும் நீராகிறது. மாட்டுக்காரருக்குத் தெரிவது ஊசி போட்டும் நோய் வந்தது என்பது மட்டும்.

ஐரோப்பிய மருந்து நூல் 2013இலேயே, ஒவ்வொரு பேட்ச்சையும் விலங்கில் செலுத்திப் பார்க்கும் பொதுப் பாதுகாப்புச் சோதனையைக் கைவிட்டது. தயாரிப்பு ஒரே சீராக நடக்கிறது என்று ஆவணம் காட்டினால், இரண்டு விலங்குக்குப் போட்டுப் பார்ப்பது புதிதாக எதையும் சொல்வதில்லை என்பது அவர்கள் கண்டது. இங்கேயும் அந்தத் திசையில்தான் போக வேண்டும். தேவையில்லாமல் சோதனை விலங்கைத் துன்புறுத்துவதில் எந்தப் பெருமையும் இல்லை. ஆனால் ஐரோப்பா ஒன்றைக் கைவிட்டபோது இன்னொன்றைக் கையில் வைத்திருந்தது: களத்தில் ஊசிக்குப் பின் நேரும் எதிர்விளைவுகளை மருத்துவரும் நிறுவனமும் பதிந்து, கூட்டி, எண்ணிப் பார்க்கும் ஏற்பாடு. அது இல்லாமல் விலங்குச் சோதனையை மட்டும் குறைத்தால் கண்ணில் ஒன்றை மூடியதாகும். நம் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டபின் என்ன நேர்ந்தாலும் பதிவதற்கு நாடு முழுக்க வழி இருக்கிறது. மாட்டுக்கு அந்த அளவு அக்கறை இன்னும் வரவில்லை.

வருவதற்கு வேண்டியதில் பாதி ஏற்கெனவே மாட்டின் காதில் தொங்குகிறது. பன்னிரண்டு இலக்க எண் பொறித்த மஞ்சள் வில்லை. எந்த மாட்டுக்கு எந்த நாளில் ஊசி போட்டது என்பது அந்த எண்ணோடு கணினியில் ஏறுகிறது. ஊசி போட்டதும் மாட்டுக்காரர் கையில் ஒரு சீட்டு தர வேண்டும், இல்லாவிட்டால் அவருடைய கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி: மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதி, தேதி. ஏழு நாளுக்குள் காய்ச்சலோ கழுத்துக் கட்டியோ கன்று வீச்சோ கண்டால், இப்போது கால்நடை ஆம்புலன்சுக்கு அழைக்கும் அதே 1962 எண்ணில் வில்லை எண்ணைச் சொன்னால் பதிவாக வேண்டும். மாடம்பாக்கத்தில் ஒன்று, அரசூரில் ஒன்று, வாலாஜாவில் ஒன்று என்று தனித்தனியாகப் பார்த்தால் அவை தற்செயல். மூன்றும் ஒரே பேட்ச் என்று திரையில் தெரிந்தால் அந்தப் பேட்ச்சின் மீதிக் குப்பிகளை அன்றைக்கே நிறுத்திவைத்து, ஆலையில் எடுத்துவைத்திருக்கும் மாதிரியை மறுபடி சோதிக்கலாம். மூன்றும் வெவ்வேறு பேட்ச், ஊசி போடாத மாடுகளிலும் அதே அளவு கன்று வீச்சு இருக்கிறது என்று தெரிந்தால், அடுத்த தடவை சினை மாட்டுக்காரருக்கு எண்ணிக்கையோடு பதில் சொல்லலாம். பால் எத்தனை நாள் குறையும், எவ்வளவு குறையும், எப்போது பழையபடி கறக்கும் என்பதையும் கூட்டுறவுச் சங்கத்தில் அன்றாடம் எழுதும் பால் கணக்கிலிருந்தே எடுத்துவிடலாம். காட்டுப்பாக்கத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தென்சென்னைப் புறநகரின் மாடுகளை வைத்தே ஓராண்டு இதைச் செய்து பார்க்க முடியும். இங்கே பலர் பாலைச் சங்கத்துக்குத் தராமல் வீடு வீடாக ஊற்றுவதால், அந்த ஓராண்டில் ஊசி போட்ட நாளுக்கு முந்தைய ஒரு வாரக் கறவையையும் பிந்தைய இரண்டு வாரக் கறவையையும் மாட்டுக்காரரே எழுதித் தர வேண்டியிருக்கும். அந்த இரண்டு வாரத்தில் பால் குறைந்தால் ஈடு கொடுக்கவும் திட்டத்தில் பணம் ஒதுக்க வேண்டும்.